ஓ.டி. பார்க்கிறவர்களுக்கு: வேலை நேரம், ஓவர்டைம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத் தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பின் டைம் ஆபீஸில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். பஞ்ச் கார்டு காலத்தில் சேர்ந்தேன். கைரேகை மெஷின் வந்து, எண்ணெயில் ஊறின விரல் பதியாமல் ஆட்கள் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்த காலத்தில் வெளியே வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை.

முதலில் ஒரு விவரம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம்தான் இத்தனை காலமும் நம் கையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. வேலை நேரம், விடுமுறை எல்லாம் பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் வருகிறது. சம்பளப் பாக்கி ஊதியத் தொகுப்பில். பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள், புதியதோடு முரண்படாத வரை தொடரும். அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கிக்குப் பழைய கணக்குதான் பேசும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சொல்கிறேன். சாதாரணமாகச் "சட்டம்" என்று சொன்னால் 1948. "தொகுப்பு" என்றால் புதியது.

ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் வேலை வாங்கலாம்னு எழுதியிருக்கா சார்?

எழுதியிருக்கிறது. சட்டப்படி நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 9-ஐ ஆறு நாளால் பெருக்கினால் 54 வந்துவிடும். அங்கே வாரக் கணக்கு உதைக்கும். தொகுப்பு இன்னும் நேராகச் சொல்கிறது: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் கிடையாது.

இதோடு இன்னொன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. காலையில் வேலை தொடங்கினதிலிருந்து முடிகிற வரை, சாப்பாட்டு நேரம் எல்லாம் சேர்த்துப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. "நடுவில் மூணு மணி நேரம் சும்மா உட்காரு, கரன்ட் வந்ததும் ஓட்டலாம்" என்று இழுக்க முடியாமல் போட்ட கட்டு இது. தலைமை ஆய்வாளர் காரணம் எழுதி அனுமதித்தால் 12 வரை போகலாம்.

இந்த 48 ஒன்றும் தானாக வந்ததில்லை. 1922-ல் இந்தியத் தொழிற்சாலைகளில் வாரம் 60 மணி நேரம். 1934-ல் 54 ஆனது. 1946-ல்தான் 48. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்பேத்கர்.

எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னா ஓ.டி.ன்னு நான் சொல்றேன். ஒன்பதுக்கு மேலதான்னு எச்.ஆர். சொல்றார். யார் சொல்றது சரி?

இதில் இரண்டு பேரும் பாதி சரி. சட்டத்தின் 59-ம் பிரிவு சொல்வது இது: ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினாலும், ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினாலும் ஓ.டி.

திங்கள் முதல் சனி வரை தினமும் 9 மணி நேரம் பார்த்தீர்கள் என்று வையுங்கள். எந்த நாளிலும் 9-ஐத் தாண்டவில்லை. ஆனால் வாரம் 54 ஆகிவிட்டது. ஆறு மணி நேரம் ஓ.டி. எச்.ஆர். இதைச் சொல்ல மாட்டார்.

இன்னொரு வாரம், திங்கள் மட்டும் 12 மணி நேரம், செவ்வாய் லீவு, மீதி நாள் எட்டெட்டு. மொத்தம் 44. "வாரம் 48 ஆகலையே, ஓ.டி. கிடையாது" என்பார்கள். தவறு. திங்கட்கிழமையின் மூன்று மணி நேரம் தனியாக நிற்கும். லீவு போட்டதால் அது கரைந்து போகாது. தொகுப்பிலும் இந்த விஷயம் தெளிவாகவே இருக்கிறது. நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் எது தொழிலாளிக்கு லாபமோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

டபுள்னா எதுக்கு டபுள்? பேசிக்குக்கு மட்டும்னு போடறாங்க.

பணம் அதிகம் போவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சட்டம் கேட்பது சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு. சாதாரண ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளமும் படிகளும். போனஸும் ஓ.டி. பணமும் மட்டும் இதில் சேராது. எந்தெந்தப் படி சேரும் என்று பல வருஷமாக வழக்கு நடந்திருக்கிறது. ஆனால் "பேசிக் மட்டும்" என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

ஒரு தம்பியின் ஸ்லிப்பை எடுத்துக்கொள்கிறேன், எண்களைக் கொஞ்சம் சமன்படுத்தி. பேசிக், டி.ஏ. (அகவிலைப்படி) சேர்த்து 13,000 ரூபாய். மற்ற படிகள் 2,600. மொத்தம் 15,600. மாதம் 26 வேலை நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். 15,600-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். டபுள் என்றால் 150. அந்த மாதம் அவர் 40 மணி நேரம் ஓ.டி. பார்த்திருந்தார். வர வேண்டியது 6,000.

வந்தது எவ்வளவு தெரியுமா? 2,500. எப்படி? 13,000-ஐ மட்டும் எடுத்து 208-ஆல் வகுத்து 62 ரூபாய் 50 காசு, அதுவும் சிங்கிள். நாற்பது மணி நேரத்துக்கு 2,500. "ஓ.டி. குடுத்துட்டோமே" என்று சொல்லவும் முடியும், மாதம் 3,500 மிச்சமும் பிடிக்க முடியும். ஒரு வருஷம் இப்படியே போனால் 42,000. அந்தத் தம்பி கொரட்டூரில் வாடகைக்கு இருந்தார். மனசுக்குள் எத்தனை மாத வாடகை என்று வகுத்துப் பார்த்துவிட்டு, ஸ்லிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

26-க்குப் பதில் 30-ஆல் வகுக்கிற பழக்கமும் உண்டு. அப்போது 75 ரூபாய் 65 ஆகிவிடும். மணிக்குப் பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். டபுளில் அது இருபது.

புதிய தொகுப்பில் "ஊதியம்" என்பதற்கு வேறு வரையறை. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்ற சிலவற்றை வெளியே வைக்கலாம். ஆனால் வெளியே வைப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டின பகுதி உள்ளே வந்துவிடும். அதாவது பேசிக்கைச் சின்னதாக்கிப் படிகளை ஊதிவைக்கிற விளையாட்டுக்கு ஒரு வரம்பு வந்திருக்கிறது. டபுள் என்பது மாறவில்லை.

பே ஸ்லிப்பில ஓ.டி.ன்னே வரல. "இன்சென்டிவ்"னு ஒரு தொகை வருது. பரவாயில்லையா?

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி அதிகம். அந்த வேலையைச் செய்தவனே நான்தான்.

எங்கள் டைம் ஆபீஸில் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று நீல அட்டை. அது ஆய்வாளர் வந்தால் காட்டுவது. அதில் எல்லாரும் சரியாக எட்டு மணி நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்கள். இன்னொன்று, நீளமான கணக்கு நோட்டு, மேசையின் கீழ் டிராயரில் இருக்கும். யார் எத்தனை மணி வரை நின்றார் என்பது அதில்தான். மாதக் கடைசியில் அந்த நீள நோட்டைக் கூட்டி, வந்த தொகையை ஸ்லிப்பில் "உற்பத்தி ஊக்கத்தொகை" என்று ஏற்றுவேன். சிங்கிள் ரேட்டில். பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த மணி நேரம் எந்தக் காகிதத்திலும் நடக்கவே இல்லை.

இதில் நஷ்டம் பாதிப் பணம் மட்டும் இல்லை. எங்கள் ஷாப்பில் ஒருமுறை இரவு பதினொன்றரை மணிக்கு ஒருவருக்கு விரல் போனது. நீல நோட்டுப்படி அவர் பத்து மணிக்கே வெளியே போய்விட்டார். விபத்து நடந்தது எந்த நேரத்தில் என்று எழுதுவதற்கு முன் மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். நானும் ஒருவன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஆகவே, பரவாயில்லையா என்றால், இல்லை. இன்சென்டிவ் என்று வருகிற தொகையையும் உங்கள் மணி நேரக் கணக்கையும் மாதா மாதம் பக்கத்தில் எழுதி வையுங்கள். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் ஒரே மணி ரேட் வரும். ஊக்கத்தொகை அப்படிச் சொல்லிவைத்த மாதிரி மணிக்கணக்கில் வராது. அதுவே ஒரு சாட்சி.

எவ்வளவு ஓ.டி. வேணும்னாலும் பார்க்கலாமா? எனக்குப் பணம் தேவை.

தேவை புரிகிறது. இருந்தாலும் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. நிறுத்த முடியாத வேலை போன்றவற்றுக்கு விதிவிலக்கு கொடுக்கும் 64-ம் பிரிவின்படி ஓ.டி. சேர்த்து நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம், மூன்று மாதத்துக்கு மொத்த ஓ.டி. 50 மணி நேரம். அசாதாரண வேலைப் பளு என்று தனி உத்தரவு வாங்கினால் 65-ம் பிரிவு: நாளைக்கு 12, வாரத்துக்கு 60, மூன்று மாதத்துக்கு 75. அதிலும் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது.

மேலே சொன்ன தம்பி ஒரே மாதத்தில் 40 பார்த்தார் இல்லையா? அதே வேகத்தில் போனால் காலாண்டுக்கு 120. நீள நோட்டு ஏன் தேவைப்பட்டது என்று இப்போது விளங்கும்.

தொகுப்பில் காலாண்டு வரம்பு எண்ணாகச் சட்டத்துக்குள் இல்லை. அரசு விதி போட்டு நிர்ணயிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. சட்டத்தில் இருக்கும் எண்ணை மாற்ற அவையில் பேச வேண்டும். விதியில் இருக்கும் எண்ணுக்கு ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும்.

ரிலீவர் வரலன்னு ராத்திரி முழுக்க நிக்க வெச்சுட்டாங்க. பதினாறு மணி நேரம். இது சரியா?

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் போவது பற்றிச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. தொழில்நுட்பக் காரணத்தால் நிறுத்தவே முடியாத வேலை, உதாரணத்துக்கு உலை, மணலி பக்கத்து ரசாயன ஆலைகளில் ஓடும் பிளான்ட் மாதிரி, அங்கே மாற்று ஆள் வராவிட்டால் ஏற்கெனவே இருப்பவர் அடுத்த ஷிப்டையோ அதில் ஒரு பகுதியையோ பார்க்க மாநில அரசு விதி செய்யலாம். அப்போதுகூட வாரம் 60, காலாண்டு 50 என்பது தளராது. டபுள் சம்பளமும் உண்டு.

பிரஸ், லேத், பேக்கிங், அசெம்பிளி லைன் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. மெஷினை ஆஃப் பண்ணினால் பீஸ் கெட்டுப்போகாது, டெஸ்பாட்ச்தான் கெடும். அதற்குப் பதினாறு மணி நேரம் நிற்க வைப்பது தவறு.

ஓ.டி. பார்க்க மாட்டேன்னு சொல்லலாமா?

தொகுப்பு வந்த பிறகு இதற்கு எழுத்திலேயே பதில் இருக்கிறது: தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. வாங்கலாம். பழைய சட்டத்திலும், அறிவிப்புப் பலகையில் எழுதின நேரத்துக்கு வெளியே வேலை வாங்கக் கூடாது என்று 63-ம் பிரிவு இருந்தது.

ஆனால் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வாயால் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சூப்பர்வைசர் ஷிப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து, "இந்த லாட்டை மட்டும் முடிச்சுட்டுப் போப்பா" என்பார். அரை மணி நேர வேலை. அதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ் அடுத்த ஷிப்ட் முடிந்த பிறகு. நெடுஞ்சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து வீடு சேர்வதற்குப் பதில் உள்ளேயே இருந்துவிடலாம் என்று ஆள் தானாகவே உட்கார்ந்துவிடுவார். பதிவில் அது "விருப்ப ஓ.டி.".

இப்படி நடந்தால் மறுநாளே, சண்டை போடாமல், எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். "நேற்று இத்தனை மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது. ஓ.டி.க்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பஸ் இல்லாததால் இருந்தேன்." வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கே அனுப்பினாலும் போதும். நீல டிக் விழுந்துவிட்டால் அது பதிவு.

சாப்பாட்டு நேரம் எவ்வளவு?

தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை. கேன்டீனுக்கு நடந்துபோய் வரிசையில் நிற்கிற நேரமும் அந்த அரை மணியில்தான் போகிறது என்று எல்லாரும் குறைப்படுவார்கள். நியாயமான குறை. மதிய இடைவேளை போதவில்லை என்பதும் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் பழைய குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாரும் பேசிய விஷயங்களில் இந்தச் சோற்று நேரமும் உண்டு.

ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டு, "காம்ப் ஆஃப் எடுத்துக்கோ"ன்னு சொல்றாங்க. டபுள் கிடையாதா?

காம்ப் ஆஃப் என்றால் வேலை பார்த்த லீவு நாளுக்குப் பதில் வேறொரு நாள் லீவு. இதில் இரண்டு விதம் இருக்கிறது. ஞாயிறுக்கு முன்னாலோ பின்னாலோ மூன்று நாளுக்குள் வேறொரு நாள் முழு விடுமுறை கொடுத்து, அதை முன்கூட்டியே அறிவிப்பில் போட்டிருந்தால், அது நாள் மாற்றம். வாரக் கணக்கு 48-ஐத் தாண்டாத வரை டபுள் கேட்க முடியாது. எப்படி மாற்றினாலும் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

மாற்று நாளே கொடுக்காமல் ஏழு நாளும் எட்டெட்டு மணி நேரம் வாங்கினால் 56. எட்டு மணி நேரம் டபுள். விதிவிலக்கின் கீழ் விடுமுறை போயிருந்தால், அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈட்டு விடுமுறையும் தர வேண்டும். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிப் போகிற காம்ப் ஆஃப் பெரும்பாலும் தீபாவளிக்கு வந்து சேராது.

நைட் ஷிப்ட் பன்னிரண்டு மணியைத் தாண்டுது. எந்த நாள் கணக்கு?

தாண்டின நேரமும் முந்தின நாள் கணக்கில்தான். உங்களுக்கு "அடுத்த நாள்" என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சி ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வந்தவரிடம் "இன்னிக்கு உனக்கு வாராந்திர லீவு, ராத்திரி பத்து மணிக்கு வந்துடு" என்றால் அது லீவு இல்லை.

மே தினத்துல வேலை பார்த்தா?

தமிழ்நாட்டில் 1958-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள், மொத்தம் ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சாதாரணச் சம்பளமும் வேறொரு நாள் சம்பள விடுமுறையும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்.

பெண்களுக்கு நைட் ஷிப்ட் போடலாமா?

பழைய சட்டத்தின் 66-ம் பிரிவு காலை 6 முதல் இரவு 7 வரைதான் என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி, பாதுகாப்புக்கான நிபந்தனைகளைப் போட்டது. தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடு இரவு 7-க்குப் பிறகும் காலை 6-க்கு முன்னாலும் வேலை பார்க்கலாம் என்கிறது. சம்மதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேரும்போது நீட்டின இருபது பக்கத்தில் எங்கேயோ ஒரு கையெழுத்து இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஓ.டி., சம்பளம் எல்லாம் ஆணுக்கு என்னவோ அதேதான்.

நான் கான்ட்ராக்ட். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. தொழிற்சாலைச் சட்டம் "தொழிலாளி" என்று சொல்லும்போதே ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 48-ம் டபுளும் சட்டை நிறத்தைப் பார்த்து மாறாது. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காமல் ஓடினால் கம்பெனிதான் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்ரன்டிஸ் கதை வேறு. அவர் சட்டத்தில் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனாலேயே அவரை ஓ.டி.யில் நிறுத்தக் கூடாது. 1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டப்படி, அதற்கான ஆலோசகரின் அனுமதி வேண்டும். அவரும் பயிற்சிக்கோ பொது நலனுக்கோ தேவை என்று பட்டால்தான் தரலாம். லைனில் ஆள் குறைகிறது என்பது பயிற்சி ஆகாது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளைத்தான் இரவு லைனில் அதிகம் பார்க்கிறேன், அதுவும் அப்ரன்டிஸ் பேட்ஜோடு.

சின்ன பட்டறை, பன்னிரண்டு பேர்தான். சட்டம் பொருந்துமா?

பழைய கணக்கில் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்றால் தொழிற்சாலை. தொகுப்பு அந்தப் பெயருக்கு 20, 40 என்று உயர்த்திவிட்டது. ஆனாலும் 10 பேர் வேலை செய்யும் நிறுவனம் எதுவும் தொகுப்பின் கீழ் வரும், வேலை நேர வரம்பு உள்பட. கடை, ஆபீஸ் என்றால் தமிழ்நாடு கடைகள் சட்டம், 1947: நாளைக்கு 8, வாரத்துக்கு 48, ஓ.டி. சேர்த்து வாரம் 54.

பன்னிரண்டு மணி நேரச் சட்டம் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?

2023-ல் கிளம்பின பேச்சு இன்னும் அடங்கவில்லை. நடந்தது இதுதான். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. 65ஏ என்று புதுப் பிரிவு. விரும்பும் தொழிற்சாலைகளுக்கு வேலை நேர வரம்புகளிலிருந்து அரசு விலக்கு தரலாம் என்பது சாரம். வாரம் 48 மாறாது, நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு மூன்று நாள் லீவு எடுக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சர் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இதே சென்னையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் போட்டு, நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம். திட்டமிட்டுச் செய்தாலும் தேதி இப்படி அமையாது.

கொரோனா நேரத்தில் குஜராத் அரசு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சிங்கிள் சம்பளம் என்று அறிவிப்பு போட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஓ.டி. பணத்தையும் கொடுக்கச் சொன்னது. பொருளாதாரம் இறங்கிவிட்டது என்று காரணம் காட்டி டபுளைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு யார் கேட்டாலும் இந்த வழக்கைச் சொல்லலாம்.

ஓ.டி. பணத்துல பி.எஃப். பிடிப்பாங்களா?

இல்லை. போனஸ் கணக்கிலும் சேராது. ஓ.டி.யை நம்பியே குடும்பம் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓய்வு பெறும்போது கையில் வருவது எட்டு மணி நேரத்துக்கான பணம் மட்டும்தான்.

எங்கே புகார் கொடுக்கிறது? பேர் வெளியே தெரிஞ்சா வேலை போயிடுமே?

வேலை நேரம், ஓ.டி. பதிவேடு விஷயத்துக்குக் கிண்டியில் இருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை. தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 1987-ல் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். இருந்தாலும் நடைமுறை சொல்கிறேன். உங்கள் சொந்தக் கதையை மட்டும் எழுதினால், பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "பி ஷிப்டில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அனைவரும் இரவு இரண்டு மணி வரை" என்று எழுதுங்கள். ஆய்வாளர் எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தால் பார்க்க முடியும் என்பதையும் எழுதுங்கள். பகல் பதினோரு மணிக்கு அவர் வந்தால் நீல நோட்டுதான் கிடைக்கும்.

வழக்கு வரை போனால் வக்கீல் ஃபீஸ் பயம் வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷத்துச் சட்டப்படி. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

வேலையை விட்டுட்டேன். பழைய ஓ.டி. பாக்கியைக் கேட்க முடியுமா?

முடியும். பழைய ஊதியச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது. ஊதியத் தொகுப்பில் மூன்று வருஷம். அதைவிடப் பெரிய விஷயம், கொடுத்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடம் இருக்கிறது.

ஆனால் "நின்றேன்" என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பாடியிலிருந்து ஒருவர் வந்தார். எட்டு வருஷம் பிரஸ் ஆபரேட்டர். டைரி இருக்கிறதா என்றேன், இல்லை. ஸ்லிப்? பாதி இல்லை. சரி, பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு மனைவியோடு வந்தார். அந்த அம்மா கட்டைப் பையிலிருந்து மூன்று வருஷத்து மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே பால் கணக்கு, "1", "1½" என்று. கீழே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம்: "10.40", "2.15", "வரல". எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். "சாதம் எடுத்து வைக்கணுமா வேணாமான்னு மாசக் கடைசில அரிசிக் கணக்குப் பார்ப்பேன் அண்ணா" என்றார்.

ஒவ்வொரு தாளையும் பால் கணக்கோடு சேர்த்தே ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தோம். முப்பத்தாறு பக்கம். பேச்சுவார்த்தைக்கு வந்த கம்பெனி ஆள் முதலில் சிரித்தார். நாலாவது பக்கத்தில் "வரல" என்று இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த நீளமான நோட்டைத் திறந்தார்.